பாதத்தின் நீளத்துக்கு ஒரு நூல்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவள் அன்னக்கொடி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் நான் நாயுடுபுரத்துப் பள்ளி ஒன்றில் டீச்சர். வில்பட்டியிலிருந்து கேரட் சுமந்து வருபவள் அவள். காங்கோவில் ஐ.நா. படையோடு இருந்த அவள் கணவர் பொன்னுவேலின் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். பதிலும் என் கையெழுத்தில் போகும்.

2

‘மலைமேல் பனி இறங்கிய ஒரு மாலையில் அந்தக் கடிதம்…’

(இந்த வரியை அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில். பள்ளிப் பேரிக்காய் மரத்தடியில் அன்னக்கொடி கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வெயில் இன்னும் என் முதுகில் இருக்கிறது.)

பொன்னுவேல் எழுதியிருந்தார்: ‘இங்கே மண் சிவப்பு. கரையான் புற்று ஆள் உயரம். போன வாரம் சண்டை. எனக்கு ஒன்றுமில்லை. வடிவின் பாதத்தை நூலால் அளந்து அனுப்பவும். ஷூ வாங்க வேண்டும்.’*

அவர் முகம் பார்க்காத மகள் வடிவு காய்ச்சலில் இறந்து அன்றைக்குப் பன்னிரண்டு நாள்.

“அதை எழுதாதீங்க டீச்சர்” என்றாள். “துப்பாக்கி பிடிக்கிற கையி. நடுங்கிருச்சுன்னா அவுக திரும்பி வர மாட்டாக.”

“வேற என்ன எழுத?”

“குப்புற விழுறாள்னு எழுதுங்க.”

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பாதத்தை அளந்து நூலை அனுப்பினோம்.

* வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

3

இங்கே ஒரு பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். என்மேல்தான். அன்னக்கொடி கேட்டது ஒரே ஒரு வரி. அடுத்த ஐந்து கடிதங்களில் வடிவுக்குப் பல் முளைக்க வைத்ததும், தவழவிட்டதும், கேரட்டைக் கடிக்கவிட்டதும் நான். எழுதும்போது சந்தோஷமாகவே இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையை எழுத முடியாது.

கூடையை இறக்கி வைத்ததும் அன்னக்கொடி கேட்பாள்: “இப்ப எத்தன பல்லு டீச்சர்?”

4

அறுபத்திரண்டு மே மாதம் பொன்னுவேல் திரும்பினார். அவர் பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே அன்னக்கொடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மறுநாள் இருவரும் பள்ளிக்கு வந்தார்கள்.

(ஒரு முடிவு: அவர் என்னைத் திட்டினார். எழுதிப் பார்த்தேன், அவர் அப்படிப்பட்டவர் இல்லை. இன்னொன்று: மன்னித்துவிட்டேன் என்றார். அது என் ஆசை.)

நடந்தது இதுதான். என் கடிதங்களை மேஜைமேல் வைத்தார்.

“எனக்கு வாசிக்கத் தெரியுங்க. இருந்தாலும் நீங்க ஒரு தடவ வாசிங்க டீச்சர்.”

வாசித்தேன். அன்னக்கொடி வாசலைவிட்டு உள்ளே வரவில்லை. கடைசிக் கடிதத்தை நான் மடித்தபோது அவர் கேட்டார்:

“அப்பறம், நடந்தாளா?”

என் பதிலை நான்கு விதமாக எழுதி நான்கையும் அடித்தாயிற்று. அன்று சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் வந்து இந்த நாற்காலியில் உட்காருங்கள். அவர் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாசலில் நிற்பவளும்.