கன்னையா உட்கார்ந்த இடம்

மலாயாவில் கிள்ளான் ஆற்றங்கரையில் இருந்த பழனியப்பன் முதலாளியின் அரிசிக் கிட்டங்கியில், செத்துப்போன கன்னையா உட்கார்ந்திருந்த இடம் மட்டும் ஆறு மாட்டுவண்டிச் சுமை கொள்ளும். அடுக்கிய மூட்டை சரிந்து மேலே விழுந்து செத்தவர் அவர். அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் காலை கதவைத் திறந்தபோது, விழுந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு, காதில் பாதி குடித்த சுருட்டு. யாரும் ஓடவில்லை. ரங்கூன் அரிசி ஏற்றிய படகுகள் துறையில் காத்துக் கிடந்ததால் ஓட நேரமும் இல்லை. மூட்டைகளை அவரைச் சுற்றி வைத்துவிட்டுப் போனார்கள். அவர் முகத்துக்கு முன்னால் சுமையோடு குறுக்கே போவது மரியாதை இல்லையென்று மூட்டை தூக்குகிற ஒவ்வொரு கூட்டமும் தனக்கென்று ஒரு சுற்றுவழி விட்டுக்கொண்டது. அவர் கண்ணெதிரே ஆள் உயரத்துக்கு மேல் மூட்டை ஏற்றவும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. கிட்டங்கியில் அரிசியைவிட வழிதான் அதிகமாக இருந்தது. ஆள் உயரத்துக்கு மேலே உத்தரம் வரைக்கும் குருவிகள் குடித்தனம் நடத்தின.

1925-ல் பந்திங், காப்பார் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் அரிசி போகத் தொடங்கியதும் முதலாளிக்கு இடம் போதவில்லை. கிட்டங்கியின் முதுகை ஒட்டிக் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தை இடித்துவிட்டு இன்னொரு கிட்டங்கி எழுப்புவதென்று முடிவு பண்ணினார். அடுத்த கப்பல் வருவதற்குள் எல்லோரும் காலி பண்ணியாக வேண்டும். லயத்தின் கடைசி அறையில் மூட்டை தூக்கும் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் நாகையாவும், கோணி தைக்கிற அவன் மனைவி வீரம்மாவும் இருந்தார்கள். வீரம்மாவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. கடல் தாண்டி வந்த பிறகு, உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ள அவளுக்குக் கிடைத்த முதல் கதவு அந்த அறையின் கதவுதான். அவள் கையில் ஊசியோடு நேரே முதலாளியிடம் போய் நின்றாள்.

"இடம் உள்ளேயே கெடக்கு மொதலாளி."

"எங்க? கன்னையா மடியிலயா?" என்று முதலாளி சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, வருகிற கப்பல் அரிசி முழுவதையும் உள்ளேயே அடக்கிக் காட்டினால் லயத்தைத் தொடுவதில்லை என்றும் சொன்னார்.

கணக்கெழுதும் கிராணி சிவசம்பு, யாழ்ப்பாணத்துக்காரர், கயிறு பிடித்து இடத்தை அளந்தார். கழுத்து வலிக்க உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். "நிலத்தில இடம் தேடுறியள். மேல பாருங்கோவன், பாதிக் கிட்டங்கி ஆகாயத்தில சும்மா கிடக்குது." இரண்டு கதவுகளும் வலது ஓரத்தில் நேருக்கு நேராக இருந்தன. ஆற்றுக் கதவிலிருந்து தெருக் கதவுக்கு ஒரே வழி போதும். மற்ற வழிகளை மூடிவிடலாம். ஈரம் ஏறாமல் அடியில் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் விட்டு, உத்தரம் வரைக்கும் அடுக்கலாம். அவர் கணக்கில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த அடுக்குக்கு நட்டநடுவில் கன்னையா இருந்தார், அவ்வளவுதான். பூசாரி வந்து சாம்பிராணி போட்டார். கன்னையா நாலு தும்மல் போட்டுவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நாகையா பத்தடிக்கு அப்பாலேயே நின்றுகொண்டான்.

வீரம்மா ஒரு குவளைத் தேத்தண்ணீரோடு போய் அவருக்கு முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். அந்த உறவில் அவர் அவளுக்கு அண்ணன்.

"அண்ணே, கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?"

"எந்திரிச்சா இங்க மூட்டை வைப்பானுங்க. ஒண்ணு மேல ஒண்ணா நேரா வைப்பானுங்க. சரியும். இன்னொருத்தன் சாவான்." இரண்டு வருஷத்தில் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் அவரிடம் யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

"பின்ன எப்படி வைக்கணும்?"

"ஒரு வரிசை நெடுக்க, அடுத்தது குறுக்க. கோணி வாய் உள்பக்கம். மேல போகப் போக உள்வாங்கணும்."

"அப்ப மேல இருந்து நீங்களே பாத்துக்கங்கண்ணே. உங்க இடம் உங்களுக்குத்தான். அதைக் கொஞ்சம் ஒசத்தித் தர்றோம்."

கன்னையா சுருட்டை எடுத்துப் பார்த்தார், திரும்பக் காதில் வைத்தார். பிறகு இடுப்பை லேசாக எக்கிக் கொடுத்தார். தரைக்கும் அவருக்கும் நடுவே மூட்டை நுழைகிற அளவுக்கு இடைவெளி உண்டானது. முதல் வரிசையை நெடுக்க வைத்தார்கள், அவர் அதன்மேல் இருந்தார். மறுபடி எக்கினார், குறுக்க வைத்தார்கள். வரிசைக்கு வரிசை அவரும் உயர்ந்தார். அவரே பார்த்துக்கொண்டிருந்ததால், உயர அடுக்க ஆட்களுக்கு இருந்த பயம் தெளிந்துபோனது. மேலேயிருந்து வசவு மட்டும் நிற்கவில்லை. "டேய் நாகையா, அது என்னடா கோணல்? ஒம் பொண்டாட்டி தையலாவது நேரா இருக்கு, அவளை அடுக்கச் சொல்லு!" ஆட்கள் சிரித்த சிரிப்பில் குருவிகள் எழுந்து பறந்தன.

கப்பல் வந்தது. படகு படகாக வந்த அரிசியெல்லாம் உள்ளே போன பிறகும் தெருக் கதவோரம் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு இடம் மிஞ்சியது. முதலாளி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் மேலே பார்த்தார். கன்னையா கீழே பார்த்தார். அதோடு லயத்தை இடிக்கிற பேச்சு நின்றது. வீரம்மாவின் மகள் தனலெட்சுமி அந்தக் கடைசி அறையில்தான் பிறந்தாள். தாழ் போட்ட கதவுக்கு உள்ளே.

பிறகு அந்தக் கிட்டங்கியில் ஒரு மூட்டைகூடச் சரியவில்லை. அரிசி வெளியே போகப் போகக் கன்னையா இறங்குவார், வர வர ஏறுவார். சிவசம்பு எண்ணிப் பார்ப்பதை விட்டுவிட்டு, வாசலில் நின்று கன்னையாவின் உயரத்தைப் பார்த்தே இருப்பு எழுதினார். கிள்ளான் பாசாரில் அரிசி வாங்க வந்தவர்கள், "இன்னிக்குக் கன்னையா எங்க இருக்காரு?" என்று விசாரித்துவிட்டுத்தான் விலை பேசினார்கள். ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பிய வருஷங்களில் அவர் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். வீரம்மா போய்ப் பேச்சுத்துணைக்கு இருந்துவிட்டு வருவாள். 1934-ல் மறுபடி ஏறத் தொடங்கினார். அந்த வருஷம் கூரை மாற்றும்போது, அவர் தலை இடிக்கிறதென்று நடுக்கூரையை ஒரு முழம் உயர்த்திக் கட்டச் சொன்னார் முதலாளி. தச்சன் உயர்த்திக் கட்டினான். கன்னையா இடுப்பை எக்கினார், இன்னும் ஒரு வரிசை மூட்டை கொண்டது.