கொட்டாங்குச்சி நாற்று

லாரி திருத்துறைப்பூண்டியைத் தாண்டியதிலிருந்தே அம்சத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. தங்கை வேம்புவுக்கு முந்தின நாள் பட்டுக்கோட்டையில் தாலி ஏறியாகிவிட்டது. இன்று மாலை நான்கு மணிக்குப் பெண் வீட்டார் கொடுக்கும் தேநீர் விருந்து, கீழ்வேளூருக்குப் பக்கத்தில் தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில். கல்யாணத்துக்குத் தெருவே திரண்டு போயிருந்தது. திரும்பும்போது பாதிப் பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். அம்சம் மட்டும் லாரியின் பக்கப்பலகையைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தாள். உட்கார்ந்தால் லாரி மெதுவாகப் போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ.

எல்லாம் மாப்பிள்ளையின் அம்மா நாகரத்தினம் கேட்ட ஒரு கேள்வியால் வந்த வினை. "உங்க ஊர்ல மேசை நாற்காலியெல்லாம் கிடைக்குமா? எங்க பக்கத்துல மேசைக்கு மேசை பூச்சாடி வச்சுத்தான் டீ குடுப்போம்" என்று பரிசம் போட்ட அன்று கேட்டுவிட்டாள். குத்திக் கேட்டாளா, சும்மா கேட்டாளா, அது அவளுக்கே தெரிந்திருக்காது. ஆனால் அம்சத்துக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நர்ஸ் படிப்புப் படித்த தங்கை, நடவுக்காரி மகள் என்று முதல் நாளே ஏளனப்படக் கூடாது. மேசை நடுவில் பூச்சாடி வைத்தே தீருவது என்று முடிவுகட்டினாள்.

நாகப்பட்டினத்துக் கடையில் வாடகைச் சாடி விசாரித்துவிட்டு, வாடகையைக் கேட்டதும் விசாரித்த சுவடு தெரியாமல் திரும்பினாள். பிறகு தானே இறங்கினாள். தெருவில் ஒரு வீடு விடாமல் கொட்டாங்குச்சி கேட்டு வாங்கினாள். உடைந்த ஓட்டால் நாரைச் சுரண்டி எடுத்தாள். சாய்ந்துவிடாமல் நிற்க வைக்கோல் பிரியைச் சுருட்டி அடியில் வளையம் கட்டினாள். பக்கீர் முகம்மது கடையில் சேர்ந்த சிகரெட் பெட்டிகளின் வெள்ளித்தாளை நீவி வெளியே சுற்றினாள். தேர்தலுக்கு வாங்கிய கறுப்பு சிவப்புக் காகிதம் ஒரு சுருள் மிச்சமிருந்தது. அதைத் தொடவில்லை, பிறகு விருந்து பொதுக்கூட்டம் மாதிரி ஆகிவிடும். உள்ளே வண்டலை நிரப்பி, அப்பா நாற்றங்காலுக்கு ஊறவைத்திருந்த விதைநெல்லில் இரண்டு படி அள்ளி நெருக்கமாகத் தூவினாள்.

அள்ளும்போது அப்பா வீரையன் பார்த்துவிட்டார். "விதைநெல்லு விளையாட்டுச் சாமானா?" என்று குதித்தார். அவர் குதித்ததிலும் நியாயம் இருந்தது. நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்த உபரி நிலத்தில் ஒரு ஏக்கர் அவர் பேருக்கு வந்திருந்தது. ஆயுசு முழுக்க அடுத்தவன் வயலில் ஏர் ஓட்டிய மனுஷனுக்கு முதல் சொந்த வயல். பண்ணைக்காரரோ, அவன் சாகுபடியே செய்யவில்லை, நிலம் தரிசாகக் கிடக்கிறது, திருப்பிக் கொடுங்கள் என்று மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தார். விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் விருந்துக்கு மறுநாள் காலை வருவதாக இருந்தது.

லாரி நின்றதும் அம்சம் குதித்து, பக்கத்துத் தெருச் சிநேகிதி கமருன்னிஸாவின் வீட்டுக் கொல்லைக்கு ஓடினாள். தன் வீட்டில் ஆடு இருப்பதால் கொட்டாங்குச்சிகளை அவள் பொறுப்பில்தான் விட்டுப் போயிருந்தாள்.

"ஒண்ணும் ஆகலடி. ஒம் புள்ளைங்களுக்கு வேளா வேளைக்குத் தண்ணி ஊத்தியாச்சு" என்றாள் கமருன்னிஸா.

நாற்று நான்கு விரல்கடை வளர்ந்து, கிளிப்பச்சையில் தளதளவென்று நின்றது. கூடை கூடையாகப் பள்ளிக்கூடத்துக்குச் சுமந்தாள். பெஞ்சுகளைச் சேர்த்து வெள்ளை வேட்டி விரித்து, நடுவில் ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பூவரசம்பூவைச் செருகினாள். எட்ட நின்று பார்த்தாள், கிட்ட வந்து திருப்பி வைத்தாள், மறுபடி எட்டப் போனாள்.

அப்போதுதான் அப்பா வந்தார். முழங்கால்வரை சேறு. பின்னால் அம்மா ராமாயி.

"பண்ணையாளுவ நாத்தங்கால்ல மாட்ட விட்டுட்டானுவ" என்றார். "ஒரு தாள் இல்ல."

தெருவே கல்யாணத்துக்குப் போனதே, ஒரு ஆளையாவது காவலுக்கு நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒற்றுமையாகப் போனார்கள், ஒற்றுமையாகக் கோட்டை விட்டார்கள்.

"வேற எடத்துல நாத்து சொல்லியிருக்கேன். நாளான்னைக்குத்தான் வரும். காலையில ஆர்.ஐ. வந்து தரிசுன்னு எழுதிட்டா போச்சு. சனி மூலையில கொஞ்சம் நட்டிருந்தாலும் நடவு தொடங்கியாச்சுன்னு சொல்லலாம்." அவர் கண் மேசைகளின் மேல் போனது. "அம்சம், இதக் குடுத்துடு."

சனி மூலை என்றால் வயலின் வடகிழக்கு மூலை. அந்தப் பக்கத்தில் யார் நட்டாலும் முதல் நாற்று அங்கேதான் இறங்கும். அது இறங்கிவிட்டால் நடவு தொடங்கிவிட்டது என்பது ஊருக்கே தெரிந்த கணக்கு.

"முடியாது" என்றாள் அம்சம். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "இன்னும் செத்த நேரத்துல அவங்க வந்துருவாங்க. வெறும் மேசையக் காட்டச் சொல்றீங்களா? பாவம் யப்பா, வேம்பு."

வீரையன் வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றார். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பாள். அவர் தோள்பட்டை குலுங்கியதுதான் அவளால் தாங்க முடியவில்லை. மேசைகளுக்கு நடுவே இரண்டு தடவை போனாள், வந்தாள். ஒரு பூவை எடுத்தாள், செருகினாள். பிறகு பூக்களை எல்லாம் வெடுக் வெடுக்கென்று பிடுங்கி வேட்டியில் போட்டாள்.

"கூடைய எடும்மா" என்றாள்.

ஆனால் மணமக்கள் மேசையில் இருந்த ஒன்றை மட்டும் புடவைத் தலைப்பால் மூடி, மேசைக்கு அடியில் தள்ளிவிட்டாள். வேம்புவுக்கு முன்னால் ஒன்றாவது இருக்கட்டும். அவ்வளவு பெரிய வயலில் இந்த ஒன்றைத் தேடிக்கொண்டு யார் வரப்போகிறார்கள்?

தெருப் பெண்கள் கல்யாணப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினார்கள். வேரோடு நாற்றைப் பிரித்து, வெறும் கொட்டாங்குச்சிகளைக் கூடையில் போட்டார்கள். "எளநாத்துதான், ஆனா நின்னுக்கும்" என்றாள் ராமாயி. வரப்பை ஒட்டிக் கடைசி வரிசையில் அவள் கை நின்றது. "இன்னும் ஒரு கை இருந்தா வரி முடிஞ்சிருக்கும். மொத நடவு, அரைகொறையா விட வேண்டியிருக்கு." அம்சம் வாய்க்காலில் கை கழுவிக்கொண்டிருந்தாள். காது கேட்காதவள் போல் இன்னும் கொஞ்ச நேரம் கழுவினாள்.

நான்கு மணிக்குப் பட்டுக்கோட்டைக்காரர்கள் வந்துவிட்டார்கள். மேசைகளில் வெள்ளித்தாள் சுற்றிய வெறும் கொட்டாங்குச்சிகளில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு பூவரசம்பூவை மிதக்கவிட்டிருந்தாள். மணமக்களின் மேசையில் மட்டும் பச்சை நாற்று. கேக் வந்தது, மிக்சர் வந்தது, டீ வந்தது. நாகரத்தினம் டம்ளரை வைத்துவிட்டு, அந்த நாற்றின் நுனியை உள்ளங்கையால் தடவினாள்.

"யார் செஞ்சது இது? என்ன அழகு!" என்றாள், மனசாரத்தான். "இதே மாதிரி எல்லா மேசையிலயும் வச்சிருந்தா எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்!"

எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை! அது வந்தபோது அம்சத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டின. புடவைக் கரையில் சேறு காய்ந்திருந்தது. நகக்கண்ணில் இன்னும் கறுப்பு. கூடத்தின் மறுகோடியில் அப்பா, ஒரு வாய்கூடக் குடிக்காத டம்ளரோடு நாற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லா மேசையிலயும்தான் வச்சிருந்தேன் அத்தை" என்றாள் அம்சம். "கொல்லைப் பக்கம் வந்து பாருங்க, தெரியும். வயல்ல நிக்கிது."

நாகரத்தினம் புரியாமல் விழித்தாள். வேம்புவுக்குப் புரிந்துவிட்டது. வந்ததுமே நாற்றங்கால் சேதி அவள் காதுக்கு எட்டியிருந்தது. மாலைக் கழுத்தோடு எட்டி, தன் முன்னால் இருந்த கொட்டாங்குச்சியை இரண்டு கையாலும் எடுத்து அக்காவிடம் நீட்டினாள்.

"இருட்டுறதுக்குள்ள போக்கா" என்றாள்.

டீ ஊற்றிக்கொண்டிருந்தவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு அம்சம் வயலை நோக்கி ஓடினாள். சம்பந்தியம்மாளும் டம்ளரும் கையுமாகப் பின்னாலேயே வந்தாள்.