மங்களேஸ்வரி வீட்டு உறிஞ்சுகுழி

தாமரையேந்தல் நகராட்சியில் யார் வீடு கட்டினாலும், அந்த மனையில் அதுவரை தேங்கி நின்ற மழைத்தண்ணீருக்கு வேறு குடியிருப்பு காட்ட வேண்டும். காட்டினால் மட்டும் போதாது. தண்ணீர் நேரில் வந்து பார்த்துச் சம்மதிக்க வேண்டும். சம்மதித்ததும் வீட்டுக்காரர் அதன் முகத்தைப் பார்த்து "போ" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் பணி நிறைவுச் சான்று. சான்று இல்லையென்றால் குடிபோக முடியாது, கரண்டும் வராது.

மங்களேஸ்வரிக்கு அந்தச் சான்று உயிர் மாதிரி. கல்யாணம் ஆனதிலிருந்து வாடகை வீடுதான். ஒவ்வொரு வீட்டுக்காரனும் பொங்கல் முடிந்த கையோடு, "எங்க மகனுக்கு வேணும், காலி பண்ணுங்க" என்பான். எங்கிருந்துதான் அத்தனை மகன்கள் முளைப்பார்களோ! இன்னொரு தடவை அந்த வார்த்தையைக் கேட்டால் செத்துப்போவேன் என்று புருஷன் வெள்ளைத்துரையிடம் அழுதிருக்கிறாள்.

ஆய்வு நாளன்று காலையில் உதவிப் பொறியாளர் அந்தோணிதாஸ் வந்தார். சற்று நேரத்தில் தண்ணீரும் வந்தது. வயசான தண்ணீர். மிதியடியில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, அடுப்படி மேடையைக் கொஞ்ச நேரம் பார்த்தது. அது வழக்கமாகப் படுக்கும் இடம் அதுதான். பிறகு கொல்லைப்பக்கம் போய், தனக்கென்று வெட்டியிருந்த உறிஞ்சுகுழிக்குள் எட்டிப் பார்த்தது. ஜல்லி, கரி, மணல் எல்லாம் விதிப்படி இருந்தன.

"இருட்டா இருக்கு. ஆனா பரவாயில்லை," என்றது தண்ணீர்.

அந்தோணிதாஸ் மங்களேஸ்வரியைப் பார்த்துத் தலையசைத்தார். வெள்ளைத்துரை ஒரு வாரமாக அவளைப் பழக்கியிருந்தார். ஆனால் விளக்கேற்றப் போகிற வீட்டில், வாசல் தேடி வந்த ஒரு பெரியவரை மொட்டையாகப் "போ" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

"போயிட்டு வாங்க," என்றாள் மங்களேஸ்வரி.

"வாரேம்மா," என்றது தண்ணீர். குழிவரை போய், சொன்ன சொல் தவறாமல் திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்தது. வெள்ளைத்துரை தலையில் அடித்துக்கொண்டார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் வந்தவருக்குக் காபி போட உள்ளே போனாள்.

அந்தோணிதாசுக்கு விதியெல்லாம் மனப்பாடம். "கூப்பிட்டு வந்தவரை எழுப்பக் கூடாதும்மா. வீடு அவருக்குத்தான். ஆனா கட்டின குழி சும்மா கிடக்கக் கூடாது. நீங்க அதுல இருக்கீங்கன்னா இப்பவே சான்று கொடுத்திருவேன்."

"அங்கேயிருந்து யாராச்சும் எங்களைக் காலி பண்ணச் சொல்லுவாங்களா சார்?"

"குழியை யாரும்மா கேக்கப் போறா?"

அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. நல்ல நாள் பார்த்துக் குழிக்குள் பால் காய்ச்சி, தெருவுக்கே பாயசம் கொடுத்தாள். ஐப்பசி மழை நேராக வாசல் வழியாக வீட்டுக்குள் போனது. பெரியவரைச் சுகம் விசாரித்துவிட்டு ஃபேனைப் போட்டுக்கொண்டது.

குழியில் இருப்பது எதுவானாலும் மண்ணில் இறங்க வேண்டும் என்பது விதி. புருஷனும் பெண்டாட்டியும் இறங்கத் தொடங்கினார்கள். வெள்ளைத்துரை ஒல்லி, சீக்கிரமே இறங்கிவிட்டார். மங்களேஸ்வரி சாவகாசமாக இறங்கினாள். அந்தோணிதாஸ் மாதாமாதம் கம்பு விட்டுப் பார்த்து, "நல்லா இறங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தை மாதம் அடுத்த தெருப் பஞ்சவர்ணம் போர் மோட்டாரைப் போட்டபோது, குழாயில் வெள்ளைத்துரை வந்தார். அவள் குடத்தை நகர்த்தி வழிவிட்டாள்.

"மதினி வரலையாண்ணே?"

"அவ எங்க வாரா? சொந்த மண்ணாம். எவன் கூப்பிட்டாலும் அசைய மாட்டேங்கிறா."

பஞ்சவர்ணம் அவருக்குத் தலை துவட்ட ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு, குடத்தை மறுபடி குழாயடியில் வைத்தாள்.