பவளக்கல் மேல் அஞ்சு அடி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் என் மனைவி லெய்சாலேயிடமிருந்து போன் வரும். வனுவாட்டுவில் எங்கள் எமாய் தீவில் சர்ச் மேட்டில் ஏறினால்தான் சிக்னல். ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்துத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு வந்த எனக்கும் அதே கதை. தங்குகிற கொட்டகையில் கிடைக்காது, கடற்கரையில் போய் நின்றால் கிடைக்கும். வாரம் முழுக்க சர்க்கரைவள்ளிக் கிழங்கு தோண்டின முதுகு, மணலில் நடக்கமாட்டேன் என்னும். அன்றைக்கு ஓடினேன்.

மகள் நடக்க ஆரம்பித்துவிட்டாளாம். அவள் வயிற்றில் இருக்கும்போது வந்தவன் நான். போட்டோ இருக்கிறது, போட்டோ நடக்காது. முகம் பார்த்துப் பேசுகிற போன் ஊரில் வாத்தியாரிடம்தான் உண்டு. அவர் மறுநாள் கப்பலில் மாற்றலாகிப் போகிறார். கடைசியாகப் பத்து நிமிஷம் தருகிறேன் என்றிருந்தார்.

இருட்டின கையோடு போன் அடித்தது. திரையில் லெய்சாலே முகம்.

"யோவ், என்னய்யா இப்படித் தாடி வளத்து வெச்சிருக்க! புள்ள பயந்துடப்போவுது. இரு, இறக்கி விடறேன்."

அப்போது என் கால் பக்கத்தில் மணல் குழிந்தது. கறுப்பாக ஒரு தலை. பிறகு பத்து, இருபது. ஆமைக் குஞ்சுகள் கொதிக்கிற பானை மாதிரி பொங்கி வந்தன. கடலைப் பார்த்துப் போகவேண்டியவை என் கையைப் பார்த்துத் திரும்பின. போன் வெளிச்சம்.

சட்டையைக் கழற்றிப் போனை மூடினேன். வேலைச் சட்டை, ஆயிரம் ஓட்டை. வெளிச்சம் கசிந்தது. ஒரு குஞ்சு என் பாதத்தில் ஏறிவிட்டது. தள்ளிப் போகலாமென்றால், தூக்கின காலை எதன் மேல் வைப்பேனோ தெரியாது. குஞ்சு ஓடும்போது ஆள் நட்ட கம்பு மாதிரி நிற்கணும். எமாயில் இது யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படத்தை அணைத்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்தினேன்.

"எங்கய்யா போன? ஒண்ணும் தெரியல."

"ஆமக் குஞ்சு வருது லெய்சாலே, என்னச் சுத்தி. வெளிச்சம் காட்ட முடியாது."



"எங்கப்பன் ஆமக் காவலுக்குப் போயி எங்கம்மாளத் தனியாப் படுக்க விட்டான். நீ கடல் தாண்டிப் போயும் அதே வேலையா?"

"நகர முடியல புள்ள. ஒண்ணு கால் மேலயே இருக்கு."

"எத்தினி நேரமாவும்?"

"தெரியல."

"வாத்தியாரு கைய நீட்டிக்கிட்டு நிக்கிறாரு." அவள் குரல் இறங்கியது. "சரி, காதக் குடு. போனத் தரையில வெக்கிறேன்."

சர்ச் வாசலில் உடைத்த பவளக்கல் பரப்பியிருக்கும். நறுக். நின்றது. நறுக், நறுக். தூரத்தில் லெய்சாலே கை தட்டிக் கூப்பிடுகிறாள். நறுக். என் காலடியிலும் மணல் சரசரத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ரெண்டையும் பிரித்துக் கேட்டேன். நறுக்.

அஞ்சு அடி. ஆறாவதுக்குக் காத்திருக்கையில் லைன் போய்விட்டது. விழுந்தாளோ, அம்மா கைக்குப் போய்ச் சேர்ந்தாளோ.

பாதத்தில் இருந்த குஞ்சு இறங்கி அலைப் பக்கம் போனது. பின்னால் இன்னும் வந்துகொண்டிருந்தன. காதிலிருந்து போனை எடுக்காமல் நின்றேன்.