பார்க்காமல் மாட்டியது

வைஸின் இரும்புத் தாடையில் புது ஆயில் பில்டரைக் கடிக்க வைத்து இறுக்கி, ரம்பத்தின் பல்லை அதன் இடுப்பில் வைத்து முதல் இழுப்பு இழுக்கப் போன நேரத்தில் ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“மச்சான், இரு. அந்த சைஸ்ல அது ஒண்ணுதான் இருக்கு.”

டிரைவர் ரம்பத்தை எடுக்கவில்லை. “ஒண்ணுதானா? எப்பவும் ரெண்டு குடுப்பியே.”

“எப்பவும் நான் படுத்துக்கிட்டா இருந்தேன்? ஒரு மாசமா கடையத் தெறக்கல. சரக்கு தானா நடந்து வருமா?”

குரல் இளைத்திருந்தது. குசும்பு இளைக்கவில்லை.

கட்டிலில் கிடந்தவர் டிரைவருடைய தங்கையின் புருஷன். வீட்டின் முன்னறைதான் அவருடைய உதிரிபாகக் கடை. அதற்கடுத்த அறையில் ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஷெட். இனி மருந்துக்கு வேலையில்லை, இன்றோ நாளையோ என்று டாக்டர் நேற்றே ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுக்கொண்ட கடைக்காரர், “சரிங்க டாக்டர். உங்க வண்டில ஆயில் மாத்துங்க, வரும்போதே சத்தம் கேட்டுச்சு” என்றார். டாக்டர் வாசல் வரை சிரிக்காமல் போய், காரில் ஏறிய பிறகு சிரித்தார்.

கடைக்காரரின் மகள் பன்னிரண்டு மணி ரயிலில் வருகிறாள். ஸ்டேஷன் நாற்பது கிலோமீட்டர். அழைத்து வர வேண்டியவர் டிரைவர். ஆயில் மாற்றாமலே போய்வந்திருக்கலாம்தான். கட்டிலருகில் உட்கார்ந்து சும்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்குத் தெரியவில்லை. விடிந்ததும் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டார். ஆயிலைத் தொட்டியில் வடித்தாயிற்று. பழைய பில்டரைக் கழற்றிய சூட்டோடு அறுத்து, உள்ளே இருந்த தாள் மடிப்பை விரித்துப் பார்த்தும் ஆயிற்று. இந்தப் புதியதையும் அறுத்துவிட்டால் மாட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

ஊரில் அவருக்கு ‘ரம்பம்’ என்று பேர். பேச ஆரம்பித்தால் விடமாட்டார் என்பது ஒரு காரணம். புது பில்டரை வாங்கி அறுத்துப் பார்ப்பவர் என்பது இன்னொன்று. லாரி ஓட்டிய காலத்தில் ஒருவன் பிள்ளைமேல் சத்தியம் பண்ணி ஒரு பில்டர் கொடுத்தான். டப்பா அசல், உள்ளே இருந்தது போலி. மலையேற்றத்தில் தாள் பிய்ந்து ஆயில் வழியை அடைத்து, எஞ்சின் இறுகிப் போயிற்று. பாரத்தோடு வண்டி பின்னால் உருண்டு ஒரு பாறையில் போய் நின்றது. பாறை இல்லாவிட்டால் ஆள் இல்லை. அன்றிலிருந்து எவன் சத்தியத்தையும் அவர் காதில் வாங்குவதில்லை. எப்போதும் இரண்டு வாங்குவார். ஒன்றை அறுப்பார். நன்றாக இருந்தால் மற்றதை மாட்டுவார். மச்சானுடைய கடையிலும் அதேதான். வாடிக்கையாளர்கள் பார்க்க, கல்லாவுக்கு முன்னாலேயே உட்கார்ந்து அறுப்பார். கடைக்காரர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. டிரைவரும் ஒருநாளும் “நல்லது” என்று சொன்னதில்லை.

“இன்னிக்கு அறுக்காம மாட்டு” என்றார் கடைக்காரர்.

“எப்படி?”

“எப்படின்னா? எல்லாரும் மாட்டுற மாதிரி. டப்பாவுலேருந்து எடுத்து, திருகி.”

“எல்லாரும் மாட்டுவான். எல்லாரும் நடுரோட்டுல நிப்பான்.”

“மச்சான், நான் வாய்விட்டுக் கேக்குறேன். இத்தனை வருசம் கேட்டதில்ல. போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை, நான் குடுத்தேங்கறதுக்காக மாட்டு. அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டுட்டுப் போறேன்.”

டிரைவர் ரம்பத்தைக் கீழே வைத்தார். வைஸைத் தளர்த்திப் பில்டரை வெளியே எடுத்தார். அதற்காக ஒப்புக்கொண்டார் என்று இல்லை. உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். காதோரம் குலுக்கினார். ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தார், பள்ளம் உடனே எழும்பிற்று. மரை ஓடிய நடுத்துளைக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். அதில் வாயை வைத்து ஊதினார். ஓரத்து ஓட்டைகளில் காற்று வரவில்லை, ஆயில் பின்னுக்கு ஓடாமல் தடுக்கும் ரப்பர் உள்ளே சரியாகப் பிடிக்கிறது. டப்பாவை எடுத்து, தெரிந்த நாலு எழுத்தைக் கூட்டிக் கூட்டி, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று தேடினார்.

தங்கை தேநீரோடு வந்து நின்றாள். “அண்ணே, இவரு என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் நீ இவரை இப்படித்தான் திருப்பித் திருப்பிப் பாத்த.”

“பாத்தேன். அறுக்க முடியல.”

கட்டிலில் ஒரு சிரிப்பு கிளம்பி இருமலாகிப் போயிற்று. தங்கை உள்ளே ஓடி நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள். “சிரிக்காதீங்களேன்! டாக்டர் என்ன சொன்னாரு?”

“இன்னிக்கோ நாளைக்கோன்னாரு. சிரிக்காதேன்னு சொல்லல” என்றார் அவர். மூச்சு வாங்கிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தார். “மச்சான், ஒண்ணு கேக்குறேன். கோவிச்சுக்காத. நீ அறுத்துப் பாத்த பில்டர் எங்க போச்சு?”

“எங்க போகும்? குப்பைக்கு.”

“வண்டில மாட்டுனது?”

“அது வேற. ரெண்டாவது.”

“அந்த ரெண்டாவத மாட்டுறதுக்கு முன்னாடி அறுத்துப் பாத்தியா?”

டிரைவர் டப்பாவைக் கீழே வைத்தார்.

“பாத்ததெல்லாம் குப்பைக்குப் போச்சு. மாட்டுனதெல்லாம் பாக்காதது” என்றார் கடைக்காரர். சொல்லும்போதே முகம் மலர்ந்துகொண்டு வந்தது. “முப்பது வருசமா என்னை நம்பித்தான்யா ஓட்டியிருக்க! நம்பாம நீ ஒரு நாள்கூட வண்டி ஓட்டல.”

“இத ஏன்டா இத்தனை நாளா சொல்லல?”

“சொல்லியிருந்தா ரெண்டாவதையும் அறுத்திருப்ப.”

தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. டிரைவர் கையிலிருந்த பில்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. வெகுநாளாகத் தோளில் கிடந்த மூட்டையை யாரோ பின்னால் நின்று தாங்கியிருக்கிறார்கள் என்று இறக்கி வைக்கும்போது தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

விரலில் புது ஆயிலைத் தொட்டு ரப்பரில் தடவினார். வண்டிக்கடியில் புகுந்தார். கையால் திருகி, ரப்பர் உட்கார்ந்ததும் முக்கால் சுற்று. வெளியே வந்து ஆயிலை ஊற்றினார். சாவியைத் திருப்பியதும் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது; எஞ்சின் பிடித்து ஓரிரு நொடியில் விளக்கு அணைந்தது. கடகடப்பு இல்லை. மறுபடி கீழே குனிந்து பார்த்தார். ஒரு சொட்டுக்கூட இல்லை.

“என்ன மச்சான்?” என்று ஜன்னல் கேட்டது.

“பரவாயில்ல.”

“பரவாயில்லையா?”

“பரவாயில்லன்னா பரவாயில்ல. மாலை போடணுமா?”

ஸ்டேஷனில் தங்கை மகள் பெட்டியை வைத்துவிட்டு முன் சீட்டில் ஏறினாள். “மாமா, அப்பா எப்படி இருக்காரு?”

“வாய் மட்டும் அப்படியே இருக்கு” என்றார். வழியெல்லாம் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் ஒன்றும் தேற்றவில்லை. ஏற்றத்தில் வண்டி முனகாமல் ஏறியபோது மட்டும், “இது உங்கப்பன் குடுத்த பில்டர்” என்றார்.

அவளுக்கு அது விளங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் விளங்கியது. அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு முழுக்கதையையும் சொன்னார். மூன்று இடத்தில் மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருந்தது. அந்த இடங்களில் தங்கை எடுத்துச் சொன்னாள். டிரைவர் கதவில் சாய்ந்துகொண்டு, “பொய், அப்படிச் சொல்லல” என்று நடுநடுவே குறுக்கிட்டார். மகள் அழுதுகொண்டே வந்தவள், எப்போது சிரிக்க ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

“கடைசில என்ன சொன்னான் தெரியுமா உன் மாமன்? பரவாயில்லையாம்! முப்பது வருசத்துக்கு ஒரு பரவாயில்ல!”

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மூவரும் மிச்சச் சிரிப்புக்காகக் காத்திருந்தார்கள். வெயில் கட்டில் காலுக்கு வந்திருந்தது. முதலில் தங்கைதான் எழுந்து, திறந்திருந்த அவர் வாயை மெதுவாக மூடினாள். “பேசிக்கிட்டே போயிட்டாரு” என்றாள்.

மறுநாள் வந்தவர்கள் உட்கார இடம் போதாமல் கடையின் ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள். அலமாரிகளுக்கு நடுவே நாற்காலிகள். யார் வந்து கேட்டாலும் தங்கை அந்தக் கதையைச் சொன்னாள். கேட்டவர்கள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்கள். முன்பகலிலேயே எடுத்துப் போய் அடக்கம் முடித்துத் திரும்பினார்கள். எல்லோரும் கலைந்த பிறகும் ஒரு ஆள் மூலையில் உட்கார்ந்திருந்தான். டாக்சிக்காரன். விரலெல்லாம் கரி. காலையிலிருந்தே இருந்தான், கூட நடந்தான், நன்றாக அழவும் அழுதான்.

“ரொம்பப் பழக்கமா?” என்று கேட்டார் டிரைவர்.

“இல்லீங்க.” அவன் எழுந்து நின்றான். “கேக்கக் கூடாதுதான். காலையில ஆயிலை வடிச்சுட்டு பில்டர் வாங்க வந்தேங்க. வந்து பாத்தா இப்படி. எப்படிக் கேக்குறதுன்னு உக்காந்துட்டேன். ஆனா அழுதது நெசந்தாங்க. அந்தம்மா சொன்னதக் கேட்டு வந்துருச்சு.”

டிரைவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். என்ன வண்டி என்று கேட்டார். அவன் சொன்னான். அந்த வண்டிக்கான டப்பாக்கள் மூன்றாவது தட்டில் ஒரு வரிசையாக இருந்தன.

“இதுல எதுங்க நல்லது?”

“எத வேணா எடு.”

அவன் ஒன்றை எடுத்துக்கொண்டு, படியிறங்கிப் போனான். டிரைவர் தட்டில் விழுந்த இடைவெளியைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு பின்னாலிருந்த டப்பாவை விரலால் முன்னுக்கு இழுத்து, மற்றவற்றோடு வரிசையாக நிறுத்தினார்.