சையித்துகளைத் தூங்கவைத்த பெயர்

பஸ்ராவுக்கு வடக்கே அமாரா ஊரில் சவரக்கடை வைத்திருந்த முஹைசினின் மூத்த மகள் பெயரை வாய்விட்டுச் சொன்னவர்கள், சொன்ன இடத்திலேயே தூங்கிப் போனார்கள். ரொம்ப நேரம் இல்லை, கொதிக்கும் தேநீர் குடிக்கிற பதத்துக்கு ஆறும் வரைதான். கேட்டவர்களுக்கு ஒன்றும் ஆகாது, சொன்னவருக்கு மட்டும்.

பெயர் வஸன். மன்னராட்சி போன மறு வருஷக் கோடையில் பிறந்தவள். அவளைச் சுமந்த மாதங்களில் தாய் ஃபக்ரியா பொட்டுத் தூக்கமில்லாமல் மொட்டைமாடியில் நடையாய் நடந்தாள். பிறந்த குழந்தையை மருத்துவச்சி மார்பில் கிடத்தியதுதான் தாமதம், ஃபக்ரியாவின் கண் செருகியது. ‘தூக்கம்’ என்றே பெயர் வைத்துவிடலாமா என்று, அரை மழிப்பில் இருந்த அரபு வாத்தியாரிடம் முஹைசின் யோசனை கேட்டார். “தூக்கம்னு வச்சா ஊரே சிரிக்கும்யா. தூக்கம் வர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி இமை மேல சுகமா ஒரு கனம் வந்து உக்காருமே, அதுக்குன்னு நம்ம பாஷையில ஒரு வார்த்தை இருக்கு. வஸன். அந்தக் காலத்துக் கவிஞனுங்க காதலியோட சொக்கின கண்ணுக்குன்னு பத்திரமா வச்சிருந்தது. இந்த ஊர்ல எவனும் பொண்ணுக்கு வச்சதில்ல” என்றார் வாத்தியார். அப்போது அவர் தூங்கவில்லை. அதுவரை அது வெறும் வார்த்தை. குழந்தையின் மேல் ஏறிய பிறகுதான் வேலையைக் காட்டியது. பிறப்பைப் பதிய உட்கார்ந்த குமாஸ்தா, எழுதும்போது வாய்க்குள் உச்சரித்துப் பார்த்து, பேனாவும் கையுமாக மேஜையில் சாய்ந்தார். கடைசி எழுத்தின் வால் காகிதத்தைத் தாண்டி மேஜைவிரிப்பு வரை போனது.

தலைப்பிள்ளை பிறந்தபின் ஒரு மனுஷனைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அமாராவில் அவமரியாதை. வஸனின் அப்பா என்று, ‘அபு வஸன்’ என்றுதான் கூப்பிட வேண்டும். கடைக்குள் நுழைந்தவர்கள் “சௌக்கியமா அபு வஸன்?” என்பார்கள், நாற்காலியில் சரிவார்கள். முஹைசினின் கத்திக்கு அசையாத கன்னங்கள் கிடைத்தன, ஆனால் அவருடைய கதைகளைக் கேட்க ஆள் கிடைக்கவில்லை. பிறக்காத ஆண்பிள்ளைக்கு ஒரு பெயரை நினைத்துக்கொண்டு அதைச் சொல்லிக் கூப்பிடட்டுமா என்று நண்பர்கள் கேட்டபோது, “என் பொண்ணுக்கு என்னடா குறைச்சல்?” என்று சீறினார். பள்ளியில் பெயர்ப்பட்டியல் வாசித்த டீச்சர் ஒரு நாளும் வஸனைத் தாண்டியதில்லை. அவளுக்கு அடுத்த பெயரான யுஸ்ரா அந்த வருஷங்களில் பள்ளிக்கு வந்தாளா இல்லையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. தூக்கம் பிடிக்காதவர்கள் தலையணையில் சாய்ந்தபடி அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும் முஹைசினோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். ஆசைப்பட்டு வேறு சில வீடுகளிலும் பெண் குழந்தைக்கு அதையே வைத்தார்கள். அந்தப் பெண்களின் பெயரைச் சொன்னால் ஒரு கொட்டாவி வந்தது, அவ்வளவுதான். ஆகவே பெயர் பரவாமல் நின்றுபோனது.

வஸனுக்கு இதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. தன்னை யாராவது திட்ட ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும் என்பது மட்டும் சின்ன வயதிலேயே அவளுக்குப் புரிந்திருந்தது. ஃபாலிஹ் அவளைப் பார்த்ததும் அந்தப் பெயரால்தான். அமாராவுக்கும் பஸ்ராவுக்கும் இடையே பஸ் ஓட்டுகிறவன், சவரத்துக்கு வந்து “அபு வஸன்” என்றான், உறங்கினான், விழித்தபோது எதிரே தேநீர்க் கிண்ணத்தோடு அவள் நின்றாள். மறுநாளும் சவரத்துக்கு வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். மழிக்க ஒன்றும் இல்லாத முகத்தை முஹைசின் மரியாதைக்குத் தடவிக்கொடுத்தார். “வண்டி ஓட்டும்போது உன் பேரை மனசுக்குள்ள மட்டும்தான் சொல்லுவேன், சத்தியம்” என்று அவன் சொன்ன அன்று அவள் சம்மதித்துவிட்டாள்.

சிக்கல் நிக்காஹ்வில் வந்தது. மணப்பெண் உள்ளறையில் கண்ணாடிக்கும் மெழுகுவத்திகளுக்கும் முன்னால், பச்சிலை மிதக்கும் தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்திருப்பாள். கதவுக்கு அப்பாலிருந்து, நிக்காஹ் ஓதும் பெரியவரான சையித் அவள் பெயரைச் சொல்லி, உன் சார்பில் நிக்காஹ் செய்துவைக்க நான் வக்கீலாக இருக்கச் சம்மதமா என்று கேட்க வேண்டும். பெயரை விட வழியில்லை. முஹைசினுக்கு சுந்துஸ் என்று இன்னொரு மகளும் இருந்தாள். வெறுமனே ‘முஹைசின் மகளே’ என்றால் யாரைக் கேட்டது என்று பின்னால் பேச்சு வரும். போதாக்குறைக்கு, பெண் ஏழாவது தடவை கேட்ட பிறகுதான் வாய் திறக்கலாம். அதற்கு முன்னால் திறந்தவளுக்கு ‘காத்துக்கிடந்தவள்’ என்ற பட்டம் பேரப்பிள்ளைகள் காலம் வரை ஒட்டிக்கொள்ளும். முதல் சையித் “வஸனே” என்று ஆரம்பித்துக் கதவிலேயே சாய்ந்தார். அடுத்த வியாழனன்று வந்த இரண்டாம் சையித் கெட்டிக்காரர். கேள்வியை முதலில் முழுசாகக் கேட்டுவிட்டுப் பெயரைக் கடைசியில் வைத்தார். முறைப்படி வஸன் பேசாமல் இருந்தாள். அவரும் முறைப்படி தூங்கினார். எழுப்பிக் கேட்கவைத்தார்கள், மறுபடி தூங்கினார். மூன்றாவது முறையும் தூங்கி விழித்ததும் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஃபாலிஹின் தாய், உம் ஃபாலிஹ், அந்தப் பெயரைத் தன் வாயால் சொல்வதில்லை என்று சபதம் எடுத்திருந்தவள். “பேரை மாத்துங்க. ஸுஹாத்னு வைங்க, எங்க பக்கத்துல மதிப்பான பேர்” என்றாள். ஸுஹாத் என்றால் தூக்கமின்மை. காதலில் விழுந்தவர்கள் கண் மூடாமல் கிடப்பார்களே, அது. ஃபாலிஹை இழக்க மனமில்லாமல் வஸன் ஒரு வாரம் ஸுஹாத்தாக இருந்து பார்த்தாள். அந்த வாரம் அமாராவில் யாரும் தூங்கவில்லை. விடியல் தொழுகைக்குப் பாங்கு சொல்லப் பள்ளிவாசல் மினாரில் ஏறியவர், தெரு முழுக்க ஏற்கெனவே கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு நிற்பதைக் கண்டார். எருமைகள் கொட்டகையில் வட்டமடித்தன. பாலாடை விலை இரண்டு மடங்கானது. பழைய பெயர் இப்போது யாருடையதும் இல்லை என்பதால், சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தூக்கம் வரவில்லை. முஹைசின் மட்டும் விழித்திருக்கும் வாடிக்கையாளர்களுக்குக் கதை சொல்லி இரண்டு நாள் ஆனந்தப்பட்டார். மூன்றாம் நாள் அவரிடம் கதை தீர்ந்தது. வஸனுக்கோ யாருடைய செருப்பிலோ கால் நுழைத்து நடப்பது போல இருந்தது. வாரக் கடைசியில் தெருவே திரண்டு வந்து பழைய பெயரைத் திருப்பித் தரச் சொல்லிக் கெஞ்சியது. முன்வரிசையில் கண்கள் சிவந்த உம் ஃபாலிஹ்.

“சரி, உன் பேரையே வச்சுக்க. ஆனா வர்ற வியாழக்கிழமை முறைப்படி நிக்காஹ் முடியணும். முடியலைன்னா பஸ்ராவுல என் அண்ணன் மக இருக்கா, சொல்லிட்டேன்” என்றாள். ஃபாலிஹ் வாயைத் திறந்தான். “நீ சும்மா இருடா” என்றாள். அவன் சும்மா இருந்தான்.

வியாழக்கிழமை வந்த மூன்றாம் சையித் வயதானவர். ஏலக்காய் போட்ட கறுப்புக் காப்பியைச் சட்டியோடு குடித்துவிட்டு, இரண்டு கையாலும் கதவுப்பிடியைப் பற்றிக்கொண்டார். உள்ளே அத்தைமார்கள் வஸனின் தலைக்குமேல் வெள்ளைத் துணி விரித்து, வாழ்வு இனிக்கட்டும் என்று சர்க்கரைக் கட்டிகளை உரசினார்கள். மதீஹா அத்தையின் கை அவள் தோளை அழுத்தியது. “ஏழுக்கு முன்னாடி வாயத் திறந்தே, தெரியும் சேதி. உன் அம்மா தலைநிமிர்ந்து நடக்க வேணாமா?” வஸன் கண்ணாடியைப் பார்த்தாள். கதவிடுக்கில் சையித்தின் கறுப்புத் தலைப்பாகை அதில் தெரிந்தது. அவர் கேள்வியை முழுதாகக் கேட்டார், கணவன் பெயர், அவன் தரும் மஹர் தொகை எல்லாம் சொன்னார். கடைசியில் மூச்சை இழுத்து, “சம்மதமா, முஹைசின் மகள் வஸனே?” என்றார். தலைப்பாகை மெதுவாகச் சரியத் தொடங்கியது. இன்னும் ஒரு நொடி போனால் ஃபாலிஹ் பஸ்ராக்காரிக்கு.

“சம்மதம்! நீங்கதான் என் வக்கீல்!” என்றாள் வஸன், வாசலில் நின்ற ஆண்கள் காதில் விழுகிற மாதிரி.

“கேட்டாச்சு” என்றார் சையித். சாட்சிகளும் “கேட்டோம்” என்றார்கள். சையித் நிம்மதியாகக் கதவடியில் சரிந்தார். விழித்தபின் ஓத வேண்டிய மிச்சத்தில் ‘என்னை வக்கீலாக்கியவள்’ என்று சொன்னால் போதும். அதில் பெயருக்கு வேலையில்லை.

உள்ளே ஒருத்தி கையிலும் சர்க்கரை உரசவில்லை. முதல் தடவையிலேயே சம்மதம் சொன்ன பெண் அமாராவில் அதுவரை இல்லை. மதீஹா அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஃபக்ரியா மகளை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு தலையைப் பின்னால் சாய்த்துக் குலவையிட்டாள். கூரைப்புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

“கொஞ்சமாவது கூச்சம் வேணாம்? முதல் தடவையிலேயேவா?” என்று உம் ஃபாலிஹ் எழுந்தாள்.

“ஏழு தடவை கேக்கணும்னா ஏழு சையித் வேணும் அத்தை. நம்ம ஊர்ல அத்தனை பேர் ஏது?” என்றாள் வஸன், தண்ணீரிலிருந்து காலை எடுக்காமலே.

பெண்கள் சிரித்துவிட்டார்கள். உம் ஃபாலிஹுக்கு வந்த கோபத்தில் சபதம் மறந்துபோனது. “அடியே வஸன்!” என்று ஆரம்பித்தாள். மருமகள் மடியில்தான் விழுந்தாள். ஒரு வாரத் தூக்கம் பாக்கி இருந்ததால் தேநீர் ஆறும் நேரம் அவளுக்குப் போதவில்லை. விருந்துச் சோறு வேகும் வரை தூங்கினாள். வஸன் அசையாமல் உட்கார்ந்து, அவள் முகத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்டிக்கொண்டிருந்தாள். எழுந்ததும் உம் ஃபாலிஹ் ஒரு கிண்ணம் தயிர் கேட்டு வாங்கிக் குடித்தாள். “பொண்ணு பரவாயில்ல” என்றாள்.

அதற்குப் பிறகு அமாராவில் பல பெண்கள் முதல் தடவையிலேயே பதில் சொல்லத் தொடங்கினார்கள். ஒரே நாளில் இரண்டு நிக்காஹ் முடிக்க முடிந்ததில் சையித்துகளுக்கும் திருப்தி. உம் ஃபாலிஹிடம் மருமகளைப் பற்றிப் புகார்கள் நிறையவே இருந்தன. தினமும் பகல் சாப்பாடு முடிந்ததும் காற்று வரும் பக்கமாகப் பாயை விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டு, வசதியாகச் சாய்ந்துகொண்டு, அன்றைய புகாரை மருமகள் பெயரைச் சொல்லி ஆரம்பிப்பாள்.