குவாரிக்குப் போகிற பாதை

ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் வேன் உள்ளே திரும்புகிற சத்தம் கேட்டாலே கன்னியம்மா புருஷன் எங்கே என்று தேடுவாள்.

இரும்புலியூரில் ஜிஎஸ்டி ரோட்டை விட்டு இறங்கி, பஸ் நிற்கிற இடத்தையும் தாண்டி உள்ளே வந்தால் கல்மேடு. சின்ன ஊர். ஊருக்குப் பின்னால் ஒரு பழைய கல்குவாரி. தோண்டத் தோண்ட ஊற்று கிளம்பியதும் கான்ட்ராக்டர் மெஷின்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பள்ளத்தில் தண்ணீர் நிரம்பிப் பச்சை நிறத்தில் நின்றது. பார்க்க அழகுதான். ஆனால் ஊரில் யாரும் இறங்க மாட்டார்கள். கரை என்று ஒன்று கிடையாது. பாறையிலிருந்து காலை எடுத்தால் நேரே ஆழம்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு சினிமா கம்பெனி வந்து அங்கே பாட்டு எடுத்துக்கொண்டு போனது. படம் ஓடியதோ இல்லையோ, பாட்டு ஓடியது. அதிலிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, சைதாப்பேட்டை என்று எங்கெங்கிருந்தோ ஜனம் வரத் தொடங்கியது. குவாரிக்குப் போகிற பாதை கன்னியம்மாவின் பட்டா நிலத்தின் வழியாகப் போனது. அந்தக் காலத்தில் லாரி போக அவள் மாமனார் விட்டுக்கொடுத்தது. இப்போது வேன்கள் வேர்க்கடலைச் செடிமேல் நின்றன. உடைந்த பாட்டில் குத்தி ஆட்டின் கால் சீழ் பிடித்தது. பொம்பளைகள் துணி மாற்ற வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஆம்பளைகள் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

ஆனால் அவள் பயந்தது அதற்கெல்லாம் இல்லை. அவள் புருஷன் குப்புராஜ் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வெல்டர். சின்ன வயதில் ஏரியில் நீந்திப் பழகியவன். அடிவரைக்கும் மூழ்கிப் போய் வர ஊரில் அவனைத் தவிர வேறு ஆளில்லை. யாராவது முழுகிவிட்டால் கூட்டம் அவன் வீட்டுக்குத்தான் ஓடிவரும். அவனும் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஓடுவான். இதுவரை அவன் தூக்கிவந்த ஒருவர்கூட மூச்சோடு வரவில்லை. மறுநாள் சாட்சி சொல்லப் போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி என்று அலைவான். ராத்திரி சாப்பாடு இறங்காது.

வேலி போடச் சொல்லிக் கன்னியம்மா கேட்காத இடமில்லை. "குவாரி எங்க லிமிட்ல இல்லம்மா" என்றார்கள் பஞ்சாயத்து ஆபீஸில். தாலுகா ஆபீஸில், "லைசென்ஸ் கொடுத்த டிபார்ட்மென்ட்ல போய்க் கேளு" என்றார்கள். அந்த டிபார்ட்மென்ட்டில் இருந்தவர், "குவாரிதான் மூடியாச்சே, அப்புறம் எங்களுக்கு இன்னா?" என்று திருப்பிக் கேட்டார்.

ஊரிலும் அவள் பக்கம் ஆளில்லை. குப்புராஜின் அக்கா கங்கம்மா குவாரி முனையில் கீற்றுக் கொட்டகை போட்டு பஜ்ஜி, ஆம்லெட் விற்றாள். புருஷன் இல்லாதவள். பெண்ணை ஸ்கூலுக்கு அனுப்புவதே அந்தக் கடையை வைத்துத்தான்.

"வர்றவன் வந்துட்டுப் போறான். உனக்கின்னாமே பேஜாரு?" என்பாள் கங்கம்மா.

"முழுகுனா ஓடறது உன் தம்பி, அண்ணி. நீ எண்ணெச் சட்டியப் பாத்துகினு கீற."

கடைசியாகப் பிரேதம் எடுத்த அன்று கன்னியம்மா புருஷன் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். "இனிமே எறங்க மாட்டன்னு சொல்லு." அவனும் சொன்னான்.

சித்திரை வெயிலில் ஒரு ஞாயிறு மத்தியானம் நாலைந்து காலேஜ் பையன்கள் ஈரத்தோடு ஓடிவந்தார்கள். "அண்ணா, கிட்டு உள்ள போயிட்டான், அண்ணா!" குப்புராஜ் உள்ளே படுத்திருந்தான். கன்னியம்மா சட்டென்று கதவை இழுத்து வெளியே தாழ்ப்பாள் போட்டாள்.

"அவரு இல்ல. போங்க."

"கதவத் தொறடி!" என்று உள்ளே இருந்து கத்தினான் குப்புராஜ். பையன்களில் ஒருவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, வாயில் அறைந்துகொண்டு அழுதான். இன்னொரு தட்டு கதவில் விழுந்தபோது அவளே திறந்துவிட்டாள். அவன் அவளைத் தள்ளிவிட்டு ஓடினான். அவளும் பின்னாலேயே ஓடினாள்.

இந்த முறை பையன் அடிவரை போகவில்லை. ஒரு பாறை விளிம்பில் சிக்கியிருந்தான். மேலே இழுத்துப் போட்டு, குப்புறக் கவிழ்த்து அழுத்தியதில் தண்ணீரைக் கக்கி இருமினான். குப்புராஜ் பாறைமேல் உட்கார்ந்து பைத்தியக்காரன்போலச் சிரித்தான். பையனை ஆட்டோவில் தாம்பரத்துக்கு அனுப்பிவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் நடந்து வந்தார்கள். அன்றைக்கு அவன் இரண்டு தடவை சோறு போட்டுத் தின்றான்.

மறுநாள் காலையில், அவன் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில், வாசலில் ஒரு கான்ஸ்டபிள் வந்து நின்றார். கூடவே பையனின் அப்பா கஸ்தூரிரங்கன். குரோம்பேட்டையில் குடியிருப்பவர், பேங்க் அதிகாரி. தூங்காத கண்கள்.

"நீங்க எம் புள்ள உயிரக் காப்பாத்தினீங்க. இல்லேன்னு சொல்லலை," என்றார். "ஆனா கழுத்துல செயின் இருந்தது. அவன் அம்மா போட்டது. இப்போ இல்ல. தண்ணியிலேர்ந்து தூக்கினது நீங்கதானே?"

குப்புராஜுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் முகம் கறுத்தது.

"நா இன்னாத்துக்கு சார் எடுக்கப் போறேன்? அவன் மூச்சத்தான பாத்தேன்?"

"சும்மா விசாரணைதான், வாய்யா," என்றார் கான்ஸ்டபிள்.

பொழுது சாயும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை. ஆனால் சேதி அவனுக்கு முன்னாலேயே பட்டறைக்குப் போய்விட்டது. அடுத்த நாள் சூப்பர்வைசர் எல்லார் எதிரிலும், "இன்னாப்பா, செயின் கேசு முடிஞ்சுதா?" என்றார்.

முடிந்தது. அந்த வாரமே செயின் கிடைத்தது. குளிக்க இறங்கும்முன் பையனே கழற்றி நண்பனின் ஸ்கூட்டர் பெட்டியில் போட்டிருக்கிறான். கங்கம்மா கடையில் டீ குடிக்க வந்த கான்ஸ்டபிள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். குப்புராஜிடம் வந்து சொல்ல ஒருத்தரும் மெனக்கெடவில்லை.

அதைக் கேட்ட அன்று கன்னியம்மா கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போய், பாதை இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகுகிற இடத்தில் குறுக்கே பள்ளம் வெட்ட ஆரம்பித்தாள். கங்கம்மா தலைவிரி கோலமாக ஓடிவந்தாள்.

"அடிப்பாவி, எம் பொழப்புல மண்ணள்ளிப் போடறியே!"

"என் நெலம் அண்ணி. உன் தம்பியத் திருடன்னு இட்டுகினு போனப்போ உன் வாயி எங்க போச்சு?"

கங்கம்மா மண்வெட்டியைப் பிடித்து இழுத்தாள். பெருசாக அழுதாள். கன்னியம்மாவும் அழுதாள். அழுதுகொண்டேதான் வெட்டினாள். வேலை விட்டு வந்த குப்புராஜ் சாப்பாட்டுத் தூக்கை ஓரமாக வைத்தான். பிறகு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடப்பாரையை வாங்கிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு வேன்கள் அவள் வெட்டிய பள்ளத்துக்கு இந்தப் பக்கமே நின்றன. பாதிப் பேர் திட்டிக்கொண்டே திரும்பினார்கள். மீதிப் பேர் இறங்கி நடந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் ஏகநாதன் வந்து கேஸ் போடுவதாக மிரட்டினார். "போடுங்க. கோர்ட்லயாவது குவாரி யாருதுன்னு சொல்லட்டும்," என்றாள். அவர் போடவில்லை. ஆனால் யாரோ கல்லைக் கொட்டி மூடினார்கள். அவள் மறுபடி வெட்டினாள். கங்கம்மா கடையை பஸ் நிற்கிற இடத்துக்கு மாற்றிக்கொண்டாள். அங்கே வியாபாரம் பாதிகூட இல்லை. கன்னியம்மா எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்ததும் ஒரு டிராக்டர் வந்தது. டிரைவரோடு ஓர் ஆபீஸ் ஆள். பின்னால் இரும்புக் கால் வைத்த பெரிய போர்டு: 'அபாயம். இங்கு குளிக்கக் கூடாது.' குரோம்பேட்டைக்காரர் ஒருவர் கலெக்டர் வரைக்கும் எழுதிப் போட்டாராம். பெயரைக் கேட்டாள். கஸ்தூரிரங்கன் என்றார்கள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

ஆபீஸ் ஆள் பள்ளத்தைப் பார்த்தார். "இத மூடும்மா. வண்டி போவணும்."

"போர்ட இங்கயே நட்டுட்டுப் போ சார். எல்லாரும் இப்டித்தான வர்றாங்க?"

"குவாரி பக்கத்துலன்னு ஆர்டர்ல கீது. இங்க நட முடியாது."

"அப்போ எறக்கி வையி. நானும் எம் புருஷனும் தூக்கிகினு போய் நடறோம்."

"கவர்மென்ட் சாமான உங்கையில குடுத்துட்டு நா இன்னா கையெழுத்து போடறது? பாதை சரியானதும் சொல்லியனுப்பு."

டிராக்டர் கடலைச் செடிமேல் ஏறித் திரும்பி, போர்டோடு வந்த வழியே போயிற்று. கன்னியம்மா அது மறையும்வரை பார்த்தாள். மழையில் பள்ளத்தின் ஓரம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கி, சரிந்த மண்ணை அள்ளி வெளியே போடத் தொடங்கினாள்.